உறுதி தரப்பட்ட மீன்கொத்தி

தென்மேற்குப் பருவமழை கொங்கண் கரையில் இறங்கியதும் மூவிரல் மீன்கொத்திகள் கூடு வைக்கத் தொடங்கும். அலகு நுனியிலிருந்து வால் வரை 13 செ.மீ. அளவுதான். அந்தச் சின்ன உடம்பில் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, கருநீலம் என்று இத்தனை நிறங்களும் எப்படி அடங்கின என்று பார்ப்பவரை மலைக்க வைக்கும் பறவை அது. ஓடைக்கரை மண்சுவரில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். மழையோடு பறவை வர, பறவையோடு விளம்பரங்களும் வந்துவிடும். இரண்டு இரவு, மூன்று பகல், தங்குமிடம், சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம், வழிகாட்ட அனுபவமுள்ள ஒளிப்படக் கலைஞர், படம் உறுதி. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் கிளம்பிப் போகிறார்கள். பயணத்துக்கு இட்டிருக்கும் பெயர் ஒளிப்படக் களப் பயிலரங்கு.

‘படம் உறுதி’ என்ற அந்த வாக்கைத்தான் முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். காட்டுப் பறவை ஒன்று குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட குச்சியில் வந்து உட்காரும் என்று ஒருவர் எப்படி உறுதி தர முடியும்? குஞ்சுகள் வளைக்குள் இருப்பதால் முடிகிறது. பல்லியோ நண்டோ தவளையோ கவ்விக்கொண்டு தாயும் தந்தையும் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். வளைக்கு எதிரே துணி மறைப்பு கட்டி, வசதியான உயரத்தில் பாசி படிந்த குச்சி ஒன்றை நட்டு, பின்னணியில் இலைகளை ஒதுக்கிவிட்டால் உறுதி தயார். அதாவது, அங்கே விற்கப்படுவது அந்தப் பறவையின் கட்டாயம். அதில் கற்பவருக்கு மிஞ்சும் கல்வி என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பறவைக்கு என்ன ஆகிறது என்பதும் அதே கேள்வியின் மறுபாதி.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். பயிலரங்கிலிருந்து கொண்டுவரும் படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை அளவுகோலாக வைக்க முடியாது. அழகில் எத்தனை பங்கு இடத்துக்கு, எத்தனை பங்கு லென்ஸுக்கு, எத்தனை பங்கு வழிகாட்டிக்கு என்று பிரித்தெடுக்க வழியில்லை. நான் கேட்பது வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருடைய துணையும் இல்லாமல் தன் ஊர்க் கண்மாய்க்கரையில் நிற்கும்போது, முன்பு தன்னால் முடியாத எதை அவரால் செய்ய முடிகிறது? அதுதான் அவர் கற்றது. மீதியெல்லாம் ஊர் சுற்றிப் பார்த்தது. ஊர் சுற்றுவது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குப் பயிற்சிக் கட்டணம் வாங்குவது சரியில்லை.

களப் பயிற்சிக்கு எதிராக இன்று வலுவாக வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் யூடியூபில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இதற்குப் பல ஆயிரம் செலவழித்து எதற்காகக் காட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். பாதி உண்மை. சூத்திரம் கற்க யாரும் ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை. ஏரிக்கரையில் நடப்பது வேறொன்று. அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

காலை ஏழரை மணி. வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழுகிறது. கரும்பச்சைப் புதரை ஒட்டி ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. புதிதாகக் கற்க வந்தவர் கேமராவைத் தானியங்கியில் வைத்து எடுக்கிறார். கொக்கு வெளுத்துப் போய், இறகு ஒன்றும் தெரியாத வெள்ளைக் காகிதமாகப் பதிகிறது. கேமராவின் மீட்டர் தான் காணும் மொத்தப் பரப்பையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சை அதிகம் இருப்பதால் காட்சி இருட்டு என்று முடிவுகட்டி, ஒளியைக் கூடுதலாக உள்ளே விட்டுவிடுகிறது. ‘எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள்’ என்கிறார் சொல்லிக்கொடுப்பவர். குறைத்ததும் இறகுகள் வருகின்றன. அடுத்த நொடி கொக்கு எழுந்து வெளிறிய அடிவானத்தை நோக்கிப் பறக்கிறது. குறைத்தது குறைத்தபடியே இருக்க, மீட்டர் இப்போது வெளிச்சமான வானத்தைப் பார்த்து மேலும் குறைக்கிறது. பறவை கறுத்துப் போகிறது. கற்பவர் குழம்பி நிற்கிறார். ஒரு படி குறைக்க வேண்டும் என்றுதானே சொன்னார்கள்?

நல்ல ஆசிரியர் வாயைத் திறக்க வேண்டிய தருணம் இது. ‘பறவைமேல் விழுகிற வெயில் மாறிச்சா? பின்னாடி இருக்கறதுதானே மாறிச்சு?’ கேமராவை மேனுவலுக்குத் திருப்பி, வெயிலில் நிற்கும் கொக்கின் வெள்ளை கெடாத அளவுக்கு ஒருமுறை பொருத்திவிட்டால், வெயில் மாறாதவரை அது புதருக்கு முன் நின்றாலும் வானத்தில் பறந்தாலும் அதே அளவு செல்லும். இதைக் காணொளியில் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் கேட்டது கையில் இறங்குவதற்கு, தவறு நடந்த அதே நிமிடத்தில், அதே பறவை இன்னும் கண்ணெதிரே இருக்கும்போது, தன் கேமராத் திரையைப் பார்த்து ஒருவர் திருத்த வேண்டும். காணொளி நம் திரையைப் பார்க்காது. புத்தகம் நாம் தவறு செய்யும்வரை காத்திருக்காது. களப் பயிற்சிக்கு இருக்கும் மறுக்க முடியாத மதிப்பு இந்தப் பத்து நிமிடம்தான். இதற்காக நான் பணம் கொடுப்பேன், பிறரையும் கொடுக்கச் சொல்வேன்.

உறுதி தரும் பயிலரங்கில் இந்தப் பத்து நிமிடம் நிகழ வழியில்லை. கொங்கணில் மட்டும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இன்று பறவை மறைவிடங்கள் இருக்கின்றன. கேரளத்தின் தட்டேக்காட்டில், கர்நாடகத்தின் தண்டேலிப் பக்கத்தில் என்று பல இடங்களில் சின்னத் தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி அழகான கட்டைகள், எதிரே மறைப்பு என்ற அமைப்பைக் காணலாம். தண்ணீர் குடிக்க ஆறுமணிக் குருவி வரும், செந்தலைப் பூங்குருவி வரும், சோலைபாடி வரும். தொட்டிக்கும் கேமராவுக்கும் இடையிலான தூரத்தை முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். பின்னணி மங்கலாக விழும்படி தொலைவில் தள்ளி இருக்கிறது. எந்தக் கட்டையில் பறவை உட்காரும் என்பது தெரியும். ஷட்டர் வேகம் இவ்வளவு, ஐஎஸ்ஓ இவ்வளவு என்று வழிகாட்டி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, எல்லோரும் ஒரே எண்ணை வைக்கிறார்கள். பறவையின் கண்ணைக் கேமராவே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்துகொள்கிறது. ஓட்டுநர் பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் பிரேக் இருக்கும். இங்கே ஸ்டீயரிங்கும் அவரிடமே இருக்கிறது.

வெளிப்புற ஒளிப்படக் கலையில் உண்மையில் கடினமான முடிவுகள் என்னென்ன? எங்கே நிற்பது, ஒளி எந்தப் பக்கம் விழும்படி நிற்பது, எப்போது நெருங்குவது, எப்போது விட்டுவிடுவது, பின்னணியை எதற்கு ஒப்படைப்பது, எந்தக் கணத்துக்குக் காத்திருப்பது. மறைவிடத்தில் இவற்றில் முதல் ஐந்தையும் வேறொருவர் எடுத்து முடித்துவிட்டார். ஆறாவதைப் பெருமளவு கேமராவின் தொடர் பிடிப்பு எடுத்துக்கொள்கிறது. முடிவெடுக்காத இடத்தில் கற்றல் எப்படி நடக்கும்? ஒரே தொட்டியில், ஒரே கட்டையில், ஒரே பூங்குருவி என்று வருடம் முழுக்க ஒரேமாதிரிப் படங்கள் குவிவது இதனால்தான். எடுத்தவர் யார் என்று பெயரை மறைத்துவிட்டால் எடுத்தவருக்கே அடையாளம் தெரியாது.

மறைவிடங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எடை சரியாக இருக்காது. கூட்டை விட்டு விலகி, தண்ணீர் மட்டும் வைத்து நடத்தும் இடங்கள் உள்ளூர்க் குடும்பங்களுக்குப் பிழைப்பு தருகின்றன. காட்டுக்குள் ஆளாளுக்கு நுழைந்து பறவையைத் துரத்துவதைவிட ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது பறவைக்கும் நல்லது. வேகமாக நடக்க முடியாத முதியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோருக்கு நெருக்கத்தில் பறவை பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுவாகவும் இருக்கலாம். மூன்றும் மெய்யான நன்மைகள். ஆனால் மூன்றுமே காட்சியின் நன்மைகள். பயிற்சியின் நன்மைகள் அல்ல. பெயரைச் சுற்றுலா என்று மாற்றிக்கொண்டால் எனக்கு அவற்றோடு சண்டையில்லை.

கூட்டுக்கு எதிரே மறைப்பு கட்டுவது வேறு. அதில் சமரசம் கிடையாது. குச்சி நட, இலை ஒதுக்க ஆட்கள் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் தாய்ப்பறவை இரையோடு தயங்கி நிற்கிறது. மறைத்திருந்த இலையை விலக்கினால் பாம்புக்கும் காகத்துக்கும் வழி திறக்கிறது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்த வகைதான். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி அது தன் எல்லையைக் காக்க ஓடிவருவதை, படத்துக்கு வந்து நிற்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பல இயற்கை ஒளிப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதியே வைத்துவிட்டன. ஆசிரியர் இதைச் செய்யும்போது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸ்போஷரைவிட ஆழமாக அவர்கள் கற்றுக்கொண்டு போவது இதைத்தான். அடுத்த மழைக்கு அவர்களில் ஒருவர் வழிகாட்டியாகி, வேறொரு ஓடைக்கரையில் குச்சி நடுவார்.

எதிர்த்திசையில் நிற்கும் பயிலரங்கு ஒன்றை இதனருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1949-இல் கிளிஃப் ஈடம் என்ற இதழியல் பேராசிரியர் தொடங்கிய மிசௌரி ஒளிப்படப் பயிலரங்கு இன்றும் நடக்கிறது. முதல் ஆண்டே கற்றுக்கொடுக்க வந்தவர்களில் ராய் ஸ்டிரைக்கர் இருந்தார். பெருமந்தக் காலத்து அமெரிக்கக் கிராமங்களை ஆவணப்படுத்திய அரசு ஒளிப்படப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். ஆண்டுதோறும் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே பார்க்க அருவியும் இல்லை, அரிய பறவையும் இல்லை. கற்க வந்தவர் ஊருக்குள் அலைந்து, மனிதர்களிடம் பேசி, தான் சொல்லப்போகும் கதை என்ன என்று ஆசிரியர்களிடம் வந்து விளக்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை கேமராவைத் தொடக் கூடாது. ஒப்புதலுக்கே ஒரு நாளுக்குமேல் போராடுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு வாரம் முழுவதற்கும் 400 படங்கள்தான். எடுத்ததை அழிக்கவும் கூடாது. மாலையில் எல்லோர் முன்னிலையிலும் படங்களைத் திரையில் போட்டு விவாதிப்பார்கள். கடைசியில் அந்த ஊர்க்காரர்களே வந்து பார்க்கும்படி கண்காட்சி வைப்பார்கள்.

400 என்ற எண்ணை இன்றைய கேமராவோடு பொருத்திப் பாருங்கள். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் அது 20 நொடி. மறைவிடத்தில் ஒரு பூங்குருவி குளிக்கும் நேரத்துக்குக்கூடக் காணாது. அதே எண்ணை ஒரு வாரத்துக்கு நீட்டச் சொன்னால், ஒவ்வொரு முறை விரலை அழுத்துமுன்பும் ‘எதற்காக?’ என்று தன்னைத்தானே கேட்டாக வேண்டும். அழிக்கவும் கூடாது என்பதால் பொய் சொல்ல இடமில்லை. சொதப்பிய படங்களும் வரிசையில் வரும். நல்ல படத்துக்கு முன்னால் நாம் எங்கே நின்றோம், எதைக் காணத் தவறினோம் என்பதை ஆசிரியர் அந்த வரிசையில் படித்துவிடுவார். ஒருவருக்குத் தன் கண்ணைத் தானே பார்க்கக் கிடைக்கும் வழி இதைவிடச் சிறந்ததாக ஒன்றை நான் அறியேன்.

மிசௌரி முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. கேமரா ஓரளவு கைவந்தவர்களுக்கான முறை அது. ஷட்டர் வேகம் என்றால் என்ன என்றே தெரியாதவரை 400 படக் கட்டுப்பாட்டில் நிறுத்தினால் பயந்து போவார். பறவையின் பறத்தலைப் பிடிக்கக் கற்பவர் நிறையத் தவறவிட்டுத்தான் ஆக வேண்டும். அங்கே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதில் பொருளில்லை. ஆனால் உள்ளே இருக்கும் மூன்று சட்டங்கள் எந்த ஊருக்கும் பொருந்தும்: எடுப்பதற்கு முன் யோசிக்க வைப்பது, எல்லை வகுப்பது, எடுத்ததை எல்லோர் முன்னும் திறந்து வைப்பது. பணம் இருந்தால்தான் முடியும் என்பதற்கும் சான்று இல்லை. கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் 2005-இல் தொடங்கிய அங்கோர் ஒளிப்படப் பயிலரங்கு ஆசிய இளைஞர்களுக்குக் கட்டணமே வாங்காமல் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. நம்மிடையே மதுரைக்காரரான ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார், தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் உள்ளிட்ட விளிம்புநிலைக் குடும்பங்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, தங்கள் தெருவையும் தங்கள் பெற்றோரின் வேலையையும் படமெடுக்கச் சொல்லித்தருகிறார். அங்கே யாரும் எந்தப் படத்துக்கும் உறுதி தரவில்லை. பிள்ளைகளுக்கு வேறு எவருக்கும் எட்டாத நெருக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பார்க்கும் பழக்கத்தை மட்டும் ஆசிரியர் சேர்க்கிறார்.

நிலக்காட்சிப் பயிலரங்குகளுக்கு மூத்த உதாரணம் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நடத்தியவை. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1955 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் நடத்திய பயிலரங்குகள் பெயர்பெற்றவை. அவற்றின் பலன் எதில் இருந்திருக்கும் என்பதை அவருடைய ஒரு படமே சொல்கிறது. 1941 நவம்பரில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில், சூரியன் இறங்கும் நேரம், கல்லறைச் சிலுவைகள்மீது கடைசி வெளிச்சம், மேலே நிலவு. பெரிய கேமராவை அவசரமாக நிறுத்திவிட்டு ஒளிமானியைத் தேடினால் காணோம். நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்காகவே எக்ஸ்போஷர் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்குமுன் சிலுவைகளின் மேலிருந்த வெளிச்சம் போய்விட்டது. ஒளிமானியும் இல்லை, நேரமும் இல்லை. அப்போது எது தலைக்குள் மிஞ்சியிருந்ததோ அதுதான் அவருடைய தேர்ச்சி. ஒரு பயிலரங்கு இந்த மிச்சத்தைக் கூட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

கூட்டமாகப் போவதில் வேறொரு நன்மை இருக்கிறது. பயிற்சிக் கணக்கில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் டிரைபாட் போட்டு நிற்க விரும்பும் பெண்ணுக்கு இந்த ஊர் தனியாக அந்த இடத்தைத் தந்துவிடவில்லை. பத்துப் பேர் கொண்ட குழு தருகிறது. விலங்கு நடமாடும் பாதை எது, எங்கே அனுமதி வேண்டும், எந்தப் பாறை வழுக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் உடனிருப்பதும் அப்படியே. வேறு எதையும் கற்காவிட்டாலும் கேமராவோடு வெளியே நிற்கும் துணிச்சலைப் பெற்றுத் திரும்பும் பெண்கள் அடுத்த முறை இரண்டு மூன்று பேராகத் தாமே கிளம்பிவிடுகிறார்கள். என் அளவுகோலில் அதுவும் தேர்ச்சிதான்.

அதே கூட்டம் திருவிழாவில் வேறாகிவிடுகிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடமிட்டு வரும் பக்தரைச் சுற்றிப் பதினைந்து லென்ஸ்கள் வளைத்து நிற்க, ‘அண்ணே, இந்தப் பக்கம் திரும்புங்க, நாக்க நீட்டுங்க’ என்று வழிகாட்டியே குரல் கொடுக்கிறார். விரதமிருந்து வந்த மனிதர் ஒரு நொடியில் மாடல் ஆகிவிடுகிறார். அங்கே கற்கவேண்டிய பாடம் அவரிடம் பேசுவது. எந்த ஊர், எத்தனை நாள் விரதம், என்ன வேண்டுதல் என்று கேட்டுவிட்டு, அவர் கேமராவை மறந்துபோன பிறகு எடுப்பது. பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. எட்டுப் பேருக்குமேல் ஓர் ஆசிரியர் என்றால் அது பயிலரங்காக இருக்க இயலாது என்பது என் முடிவு. கேமரா நிறுவனங்கள் பண உதவி செய்யும் நடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இரவல் லென்ஸில் கிடைத்த கூர்மையைத் தன் திறமை என்று நம்பிவிடாமல் இருந்தால் சரி.

ஆகத் தீர்ப்பு இது. களத்தில் நின்று கற்பது என்ற முறை தேறுகிறது. தவறு நடந்த இடத்திலேயே திருத்தப்படுவதற்கு மாற்று எதுவும் இன்னும் வரவில்லை. படத்துக்கு உறுதி தந்து தொலைதூரத்துக்கு அழைத்துப்போகும் மூன்று நாள் பயிலரங்கு பயிற்சியாகத் தேறவில்லை. சுற்றுலாவாக அதை அனுபவிக்கலாம், சுற்றுலாவுக்குரிய விலை கொடுத்து. கூட்டை வைத்து நடப்பதற்குக் காசும் கூடாது, கைத்தட்டலும் கூடாது. உள்ளூர் ஏரியில் சிறு குழுவாக, ஒரு பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப, காலையில் எடுத்ததை மாலையில் விரித்துவைத்து விவாதிக்கும் பயிலரங்கை இவை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். பழக்கமான இடத்தில் புதுமை மயக்கம் இல்லை. சென்ற மாதம் தவறவிட்ட அதே கூழைக்கடா இறங்கும் விதத்தை இந்த மாதம் முன்கூட்டியே ஊகிக்க முடிகிறது.

பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். நான் எடுத்த எல்லாப் படங்களையும், கெட்டுப்போனவை உட்பட, யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், எத்தனை மணி நேரம்? அதே களத்தில் நீங்கள் எடுத்துக் கெட்டுப்போன படங்களையும் காட்டுவீர்களா? இரண்டாவது கேள்விக்கு முகம் மலர்ந்து ஆமாம் என்பவரிடம் தயங்காமல் கட்டலாம். மாலை வேளைகள் உங்கள் விருப்பம்போல என்று பதில் வந்தால், அந்தத் தொகையைப் பேருந்துக் கட்டணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். தெற்கே கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகள் கூடு வைக்கும், அங்கே எட்டி நிற்கவும் கற்கலாம். முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய நண்பர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். திரும்பும் பேருந்திலேயே அவர் கையில் கேமராவைக் கொடுத்துவிடுங்கள், எதையும் அழிக்காமல்.